என் மகனின் ரத்தக் காகிதத்தில் இருந்த 'எல்'

என் இடது கையில், முழங்கைக்குக் கீழே, பத்தொன்பது தையல் போட்ட வடு இருக்கிறது. வெட்டியது என் மகன். வெட்ட வைத்தது நான். அடுத்த வெட்டு என் கழுத்தில் விழாமல் நிறுத்தியது முருகன்.

அடியார்களே, இதை நம் ஆலய மலரில் எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதவேண்டாம் என்றுதான் என் மனைவி சொன்னாள். ஆனாலும் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்து அச்சுக்கு ஏற்றுகிறவர் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் பெயர் மாடசாமி. கூலாயில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கார மாடசாமி என்று கேட்டால் செனாய் வரைக்கும் வழி சொல்வார்கள். பாலோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினொரு வயதில் குலை சுமந்தவன், இன்று என் பெயர் எழுதிய லாரி ஒன்பது ஓடுகிறது. எந்தச் சொந்தக்காரனும் என்னைத் தூக்கிவிடவில்லை. இந்த இரண்டு கைதான் தூக்கியது.

அந்தக் கை அடிக்கவும் செய்யும். என்னிடம் அடி வாங்காத டிரைவர் குறைவு. ஒரு தடவை டீசல் திருட வந்த மூன்று பேரைத் தனி ஆளாகத் துரத்தி, ஒருவனின் தோள்பட்டையை இறக்கி அனுப்பினேன். அடிக்கு அடங்காத காரியம் உலகத்தில் கிடையாது என்றுதான் அறுபத்து மூன்று வயது வரை நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரே மகன், தினேஸ். இருபத்தெட்டு வயது. சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு இரவு ஷிப்ட். சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போவான். மறுநாள் காலை ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வீடு. கல்யாணமாகி இரண்டு வருடம். மருமகள் பெயர் சர்மிளா. எங்களோடுதான் இருந்தார்கள். குழந்தை இல்லை. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முருகன் சந்நிதியில் நின்று, "ஒரு பேரனைக் கொடு, என் மகன் உனக்குக் காவடி எடுப்பான்" என்று வேண்டிக்கொண்டேன். எடுக்கப் போகிறவன் அவன், வேண்டிக்கொண்டவன் நான். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடந்தது.

அவன் மறுக்கவில்லை. மாலை போட்டுக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இறங்கினான். ஒரு வேளை சைவச் சாப்பாடு. வெறும் தரையில் படுக்கை. மனைவி வேறு அறையில். இதோடு இரவு முழுக்க இயந்திரத்தின் முன்னால் நின்று வேலை. பகலில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். முப்பது நாளில் கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொங்க ஆரம்பித்தது. "முகத்துல தேஜஸ் வந்துருச்சு பாத்தியா" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் பாலத்தில் வண்டி ஓட்டி வரும்போது அவனுக்குத் தலை சுற்றியிருக்கிறது. சர்மிளா விடாமல் அவனைத் தெப்ராவில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அங்கே ஆண்களுக்கென்று ஒரு முழு உடல் பரிசோதனை வைத்திருந்தார்களாம். எதற்கும் பார்த்துவிடலாம் என்று அதிலும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு நாளில் காகிதம் வந்தது. சாப்பாட்டு மேசையில் கிடந்ததை நான்தான் முதலில் எடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஓடாது. ஆனால் ஒரு வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து தடித்து நின்றது. அது எனக்குத் தெரியும். லாரிக்காரனுக்குத் தெரியாதா? வண்டி ஓட்டப் பழகுகிறவன் காடியில் முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டு போவானே, அந்த எல்.

என் மகனின் ரத்தத்தில் ஏன் எல் போட்டிருக்கிறான்?

காகிதத்தைப் படம் பிடித்துக்கொண்டு மறுநாள் காலை குணாவிடம் போனேன். குணா என் மனைவியின் தம்பி. ஓர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன், இங்கிலீஷ் படிப்பான். தெருவோர ஒட்டுக்கடையில் என் டிரைவர்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான் மேசையிலேயே போனை நீட்டினேன்.

"மச்சான், இது யாரோடது?"

"தினேஸோடது. என்னா போட்டிருக்கான், படி."

"டெஸ்டோஸ்டிரோன். ஆம்பளச் சத்து. ஆறு புள்ளி எட்டு இருக்கு. எட்டரைக்கு மேல இருக்கணுமாம். அதான் எல் போட்டிருக்கான்."

"எல்லுன்னா?"

குணா டிரைவர்களைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "காடியில ஒட்டுவாங்களே, அதே எல்தான் மச்சான். ரோட்டுல ஓட்டலாம் லா. ஆனா பக்கத்துல லைசென்ஸ் உள்ளவன் ஒருத்தன் உக்காந்திருக்கணும்!"

டிரைவர்கள் சிரித்தார்கள். ஒருவன் குடித்த தேத்தண்ணியைத் துப்பிவிட்டான்.

என் கையில் கண்ணாடிக் குவளை இருந்தது. அதோடு சேர்த்து குணாவின் வாயில் குத்தினேன். இரண்டு பல் மேசையில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தவனை விடவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து அடித்தேன். "அலமாக், அண்ணே, விடுங்கண்ணே, செத்துருவான்!" என்று கடைக்காரர் கத்தினார். நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். சிரித்த டிரைவர்கள் லாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போனார்கள். இன்று வரை வேலைக்குத் திரும்பவில்லை.

அதே ரத்தக் கையோடு வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி. தினேஸ் தரையில் பாய்கூட இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். விலாவில் உதைத்தேன்.

"எந்திரிடா, எல்லு!"

அவனுக்கு என்ன ஏது என்று புரியவில்லை. தூக்கி நிறுத்தி அறைந்தேன். எத்தனை நாளாக இந்தக் குறை, ஏன் மறைத்தாய், என் பெயரை ஊரில் சந்தி சிரிக்க வைத்துவிட்டாயே என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். வாயில் வந்த மற்றதை ஆலய மலரில் எழுத முடியாது. அவன் தடுக்கவில்லை. விரதத்தில் இருப்பவன் கோபப்படக் கூடாது என்று கழுத்து மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்க்க எனக்கு வெறி கூடியது. ஆம்பளையாக இருந்தால் திருப்பி அடி என்று சொல்லி அடித்தேன்.

"மாமா, கைய எடுங்க!" சர்மிளா ஓடி வந்தாள். "அவரு ஒழுங்கா சாப்ட்டு முப்பத்தாறு நாளாச்சு. யாருக்காக? ஒங்களுக்காக!"

அவள் சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. என் மனைவி லெட்சுமி என் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். உதறினேன். கதவு நிலையில் மோதி அவளுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டது. முப்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தவள்.

இதற்குப் பிறகாவது நிறுத்தினேனா? இல்லை. கோயிலுக்குப் போய் முருகனிடமே சண்டை போட்டேன். "லாரி கேட்டேனா உன்னிடம்? வீடு கேட்டேனா? எல்லாம் நானே சம்பாதித்தேன். ஒன்றே ஒன்று கேட்டேன், அதற்குப் பதில் என் பிள்ளையைப் பொட்டையாக்கிவிட்டாயே" என்று சத்தம் போட்டேன். நின்றிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பிறகு, முருகன் செய்யாததை நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். தெரிந்தவர் ஒருவர் ஓர் உடற்பயிற்சிக்கூடத்து ஆளைக் காட்டினார். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு இருக்கும்.

"அங்கிள், பயப்படாதீங்க. வாரத்துக்கு ஒரு ஊசி. ரெண்டே மாசம், ஒங்க மகன் வாசல்ல பக்கவாட்டுலதான் நுழையணும். அவ்வளவு பெருசாயிருவான்."

"ஆம்பளச் சத்து ஏறுமா?"

"அதுவேதான் அங்கிள் ஊசியில இருக்கு."

நம்பினேன். நான் படிக்காதவன், கையைப் பார்த்து நம்பினேன்.

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ஜிம்காரனை வீட்டுக்கு வரவழைத்தேன். தினேஸ் வேலை முடிந்து வந்து, மஞ்சள் வேட்டிக்கு மாறி, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். ஊசியைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"வேணாம்பா. மாலை போட்டிருக்கேன். இது என்னா மருந்துன்னுகூட தெரியல."

"மருந்து தெரியணுமா ஒனக்கு? திரும்புடா."

"முடியாதுப்பா."

அவன் பிறந்ததிலிருந்து என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் காலை இடறிவிட்டுக் கீழே தள்ளினேன். சிமெண்டுத் தரையில் நெற்றி மோதியது. முதுகில் ஏறி உட்கார்ந்து, கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போடு!" என்றேன். ஜிம்காரன் ஊசியோடு குனிந்தான். ஊசி முனை தோலுக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் இருந்தது. ஒன்பது கிலோ இளைத்த உடம்புக்குள் எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, தினேஸ் ஒரு திமிறு திமிறினான். நான் மல்லாந்து விழுந்தேன். எழுவதற்குள் அவன் சுவரோரம் சாத்தியிருந்த பாராங் கத்தியை எடுத்துவிட்டான். இளநீர் வெட்டுவதற்காக நானே தீட்டி வைத்த கத்தி.

முதல் வெட்டு என் தலைக்கு வந்தது. கையை உயர்த்தினேன். கையில் இறங்கியது. வலி தெரியவில்லை, சூடு தெரிந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஜிம்காரன் செருப்பைக்கூட எடுக்காமல் வேலி தாண்டி ஓடினான். நான் மண்டியிட்டுக் கிடந்தேன். தினேஸ் இரண்டு கையாலும் பாராங்கைத் தலைக்கு மேலே தூக்கினான். அவன் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணில் என் மகன் இல்லை. நான்தான் இருந்தேன். குணாவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த நான்.

அடியார்களே, சாவதற்கு நான் பயந்தவன் இல்லை. ஆனால் ஒரு நொடியில் எல்லாம் கண்முன் வந்தது. நான் செத்தால் ஒரு நாள் அழுவார்கள். அவன் அப்பனைக் கொன்றவன் என்ற பெயரோடு சிறையில் கிடப்பானே. சர்மிளா ஒவ்வொரு வாரமும் சிறை வாசலில் நிற்பாளே. உள்ளுக்குள்தான் கத்தினேன். "முருகா, எனக்காக இல்லை. என்னை வேறு எப்படியாவது கொன்றுவிடு. லாரியில் நசுக்கு. இவன் கையால் வேண்டாம். இவன் கையைப் பிடி!"

என் வாழ்நாளில் எனக்கென்று கேட்காத முதல் வேண்டுதல் அதுதான்.

தூக்கிய கை இறங்கும்போது, அவன் கழுத்து மாலை பாராங்கின் கைப்பிடியில் மாட்டியது. நூல் அறுந்தது. நூற்றெட்டு மணியும் சிமெண்டில் சிதறி ஓடின. சில என் ரத்தத்தில் வந்து நின்றன. அவன் குனிந்து பார்த்தான். பாராங்கைக் கீழே வைத்தான். போடவில்லை, வைத்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே மணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

நூல் இற்றுப்போயிருக்கும், அறுந்தது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த நூலை நான்தான் வாங்கினேன். இழுத்துப் பார்த்து வாங்கினேன். எனக்குத் தெரியும் அதை அறுத்தது யார் கை என்று.

தன் மஞ்சள் வேட்டியைக் கிழித்து என் கையைக் கட்டியவனும் அவன்தான். காடியை ஓட்டியவனும் அவன்தான். அவசரப் பிரிவில் என்னைப் படுக்க வைத்ததும், அவன் சுவரோடு சரிந்து மயங்கி விழுந்தான். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள்.

டாக்டர் ஒரு சின்ன வயதுத் தமிழ்ப் பெண். என் கையைத் தைத்துக்கொண்டே கேட்டார். "எப்படி ஆச்சு ஐயா?"

"இளநி வெட்டுனேன். வழுக்கிருச்சு."

அவர் தினேஸின் நெற்றியையும் வீங்கிய கன்னத்தையும் பார்த்தார். "அவருக்கும் அதே இளநியா?"

காடியில் கூடவே வந்திருந்த சர்மிளா முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்லி, போனில் அந்தக் காகிதத்தைக் காட்டினாள். டாக்டர் அதைப் பார்த்தார். யாருமே அதுவரை கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"ரத்தம் எத்தன மணிக்கு எடுத்தாங்க?"

"மத்தியானம் மூணு மணி."

"அதுக்கு முன்னால தூங்குனாரா?"

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்து ரெண்டு மணி நேரம்."

"சாப்பாடு?"

"ஒரு வேளதான் டாக்டர், விரதம். ஒம்பது கிலோ எறங்கிட்டாரு."

"அப்புறம் இந்த நம்பர் குறையாம என்னா செய்யும்?" என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பினார். "ஐயா, எல்லுன்னா லோ. குறைவு. அவ்வளவுதான். ஒரு கோட்டுக்குக் கீழ போனா கம்ப்யூட்டர் தானா போடுற எழுத்து. இவரு தூங்குனாரா, சாப்ட்டாரான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இந்த ஹார்மோன் நல்லா தூங்கி எழுந்த காலையிலதான் ஒசந்து இருக்கும், சாயங்காலம் எறங்கும். தூக்கம் கெட்டாலும் எறங்கும், பட்டினி கெடந்தாலும் எறங்கும், காய்ச்சல் வந்தாலும் எறங்கும். அதனால ஒரு தடவ பாத்து முடிவு சொல்லக் கூடாது. காலையில, வெறும் வயித்துல, வேற வேற நாள்ல ரெண்டு தடவ எடுக்கணும். ரெண்டுலயும் குறைஞ்சா ஏன்னு தேடணும், அதுக்கு வேற டெஸ்ட்டும் இருக்கு, வைத்தியமும் இருக்கு. அப்பவும் அது ஒரு நோய்தான். ஆம்பள இல்லன்னு அர்த்தம் இல்ல."

"அந்த ஊசி போட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"பேரன் வேணும்னுதானே காவடி?"

தலையாட்டினேன்.

"வெளியிலேர்ந்து அந்தச் சத்து வந்தா, ஒடம்பு தன் வேலைய நிறுத்திரும். விந்தணு உற்பத்தியும் நின்னு போகலாம். திரும்பி வர மாசக்கணக்காகும். சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். நல்ல வேள, போடல."

தைத்துக்கொண்டிருந்த கை வலிக்கவில்லை. இதுதான் வலித்தது. பேரனைக் கொடு என்று கேட்டவன், பேரன் வரும் வழியைத் தன் கையாலேயே அடைக்கப் போனேன். அதுவும் என் பிள்ளையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு.

தினேஸ் அந்தத் தைப்பூசத்தில் காவடி எடுக்கவில்லை. விரதத்தை முடித்துக்கொண்டு சாப்பிட்டான், தூங்கினான். கம்பெனியில் பேசிப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். பல வாரம் கழித்து, டாக்டர் சொன்னபடி காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தான். பதினாலு புள்ளி இரண்டு. இன்னொரு நாள் எடுத்தது பதினைந்தரை. இதைச் சர்மிளா லெட்சுமியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏனென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே அவர்கள் தெப்ராவில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். என் போனை அவன் எடுப்பதில்லை.

என் மகனுக்குச் சரியாக வந்தது. எல்லாருக்கும் அப்படி வரும் என்று நான் சொல்லமாட்டேன், நான் டாக்டர் இல்லை. வராவிட்டாலும் அவன் என் மகன்தான் என்று சொல்ல எனக்குப் பத்தொன்பது தையல் தேவைப்பட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

குணாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பொக்கை வாயோடு, "போ மச்சான், நானும் நாக்க அடக்கியிருக்கணும்" என்றான். போன மாதம் ஒரு டிரைவர் என் புது லாரியை வாய்க்காலில் இறக்கிவிட்டான். கை தானாக எழுந்தது. முருகா என்று சொல்லிக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பத்து மாதமாக இந்தக் கை யார் மேலும் விழவில்லை. இந்தக் கூலாயில் என்னைப்போல் அடிக்கவும் ஆள் இல்லை, என்னைப்போல் நிறுத்திக் காட்டவும் ஆள் இல்லை.

மகன் மட்டும் திரும்பவில்லை. தினமும் சந்நிதியில் நின்றேன். பேரனைக் கேட்கவில்லை. "அவனை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட வை" என்று மட்டும் கேட்டேன்.

என் இனிப்பு நீர் வியாதிக்குக் கிளினிக்கில் மருந்து வாங்கப் போனபோது, எனக்கே ஓர் எண்ணம் வந்தது. எனக்கும் அந்த டெஸ்டை எடுங்கள் என்றேன். காலையில், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்து. முறைப்படி. வந்தது ஐந்து புள்ளி ஒன்பது. அடியார்களே, பட்டினியில் எடுத்த என் மகனின் எண்ணை விடக் குறைவு! இனிப்பு நீரும் இந்தத் தொப்பையும் செய்யும் வேலையாம், திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். காகிதத்தை வாங்கிக்கொண்டு நேராகத் தெப்ராவுக்கு ஓட்டினேன்.

அன்று வேலைக்கு லீவு, தினேஸ்தான் கதவைத் திறந்தான். திறந்த கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. நான் உள்ளே போகக் கேட்கவில்லை. காகிதத்தை நீட்டினேன்.

"படிச்சுப் பாரு. என்னோடது."

படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். உதடு துடித்தது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். கதவில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளேயிருந்து சர்மிளா எட்டிப் பார்த்தாள்.

"சிரிடா," என்றேன். "ஒன்னைய அடிச்சது எல்லாம் இந்த அஞ்சு புள்ளி ஒம்பதுதான்."

சிரிப்பு நின்றது. என் கை வடுவைப் பார்த்தான். பிறகு கதவை அகலத் திறந்தான்.

"பசியாறிட்டுப் போங்கப்பா."

மூன்று தோசை சாப்பிட்டேன். பேரன் எப்போது என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன்.

உங்கள் வீட்டுப் பையனுக்கு இப்படி ஒரு காகிதம் வந்தால், எத்தனை மணிக்கு எடுத்தது, தூங்கினானா, சாப்பிட்டானா என்று கேளுங்கள். நல்ல டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போங்கள். தெரியாதவன் நீட்டும் ஊசியை வாசலிலேயே நிறுத்துங்கள். பிறகு முருகன் சந்நிதிக்கு வாருங்கள், வலது பக்கத் தூணருகே நான் நிற்பேன். உங்களுக்காக மட்டும் கேட்காதீர்கள். உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவனுக்காகக் கேளுங்கள். எனக்கு ஒரு நொடியில் பதில் சொன்னவன், உங்களைக் காக்க வைக்கமாட்டான்.